சாயம் போகுமா? எந்தச் செடி என்று கேளுங்கள்

இயற்கைச் சாயத் துணியைக் கையில் எடுக்கிற எவரும் முதலில் கேட்பது, ‘சாயம் போகுமா?’ என்றுதான். கேட்க வேண்டிய கேள்விதான். ஒரு கைத்தறிச் சேலைக்கு ஆயிரக்கணக்கில் எண்ணிக் கொடுக்கிறவருக்கு, ஆறு மாதத்தில் அது நரைத்துவிடுமோ என்ற பயம் இருக்கத்தானே செய்யும். ஆனால் ‘போகவே போகாது’ என்று அடித்துச் சொல்கிற கடைக்காரரை நம்பாதீர்கள். ‘இயற்கைச் சாயம் என்றால் வெளுக்கத்தான் செய்யும், அதுதான் அழகு’ என்கிறவரையும் நம்பாதீர்கள். அவுரியும் செடிதான், மஞ்சளும் செடிதான். ஒன்றின் நிறம் தலைமுறை தாண்டி நிற்கும், மற்றொன்றின் நிறம் ஒரு கோடையைத் தாண்டாது. இரண்டையும் ஒரே பெயர் போட்டு விற்பதால்தான் வாங்குகிறவர் ஏமாறுகிறார். ஒழுங்காகச் செய்கிறவருக்கும் கெட்ட பேர் வருகிறது.

எந்தச் செடி, எதை வைத்து நிறத்தை ஊன்றினார்கள், பருத்தியா பட்டா என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவரிடம் வாங்க வேண்டாம்.

மலையடிவார ஊரான நம் புளியறையில் இந்தக் கேள்வி இன்னும் கனமானது. ஜூன் மாதம் ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் காற்றும் சாரலும் இறங்கிவிட்டால் ஆகஸ்ட் வரை துணி காய்வதே பெரும்பாடு. கொடியில் போட்டது மூன்றாம் நாளும் ஈரவாடை அடிக்கும். அது ஓய்ந்தபின் வருகிற வெயிலோ சுள்ளென்று அடிக்கிற வெயில். வடகிழக்குப் பருவமழை தனியாக வரும். மழையூரில் நிற்கிற சாயம் வெயிலூரில் நிற்காமல் போகலாம். இங்கே துணி இரண்டையும் தாங்க வேண்டும்.

இன்னொரு காரணமும் உண்டு. 27 நட்சத்திரங்களுக்கு 27 படி ஏறிப்போகும் சதாசிவமூர்த்தி கோயிலில் தட்சிணாமூர்த்திக்கு மஞ்சள் வஸ்திரம் சாத்த வியாழக்கிழமைகளில் கூட்டம் வருகிறது. பாலியெஸ்டர் துண்டு வேண்டாம், பருத்தித் துணியை மஞ்சளில் நனைத்துச் சாத்தலாமா என்று கேட்கிறார்கள். தாராளமாகச் சாத்தலாம். மஞ்சளைப் போல அன்றைக்கே அள்ளித் தருகிற மஞ்சள் நிறம் வேறு எதிலும் கிடையாது. ஆனால் அதே துணியைப் பிரசாதமாக வாங்கிப் போய்த் துண்டாகப் போட்டுக்கொண்டு, மாதக்கணக்கில் அந்த நிறம் இருக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

ஏன் இருக்காது என்பதற்கு ஆய்வுக்கூடம் தேவையில்லை. உங்கள் வீட்டு வெள்ளை வேட்டியில் குழம்பு சிந்தியிருக்கிறதா? சோப்புப் போட்டதும் கறை சட்டென்று செங்கல் நிறமாகச் சிவக்கும். அலசிவிட்டு வெயிலில் காயப்போட்டால், சாயங்காலம் எடுக்கும்போது கறை இருந்த இடத்தைத் தேட வேண்டியிருக்கும். இயற்கைச் சாயத்தின் இரண்டு எதிரிகளும் அந்த ஒரு கறையிலேயே வெளிப்பட்டுவிடுகின்றன. முதலாவது சோப்பில் இருக்கிற காரம். மஞ்சளில் சுண்ணாம்பு கலந்தால் ஆரத்தித் தண்ணீர் சிவப்பதும் இதே காரத்தால்தான். அப்போது நிறம் மாறுகிறதே ஒழிய போய்விடுவதில்லை; ஒரு துளி எலுமிச்சைச் சாறு விட்டால் மஞ்சள் திரும்பிவிடும். இரண்டாவது எதிரி வெயில். மஞ்சளுக்கு நிறம் தருகிற குர்குமின் என்ற பொருளை வெளிச்சம் உடைத்துவிடுகிறது. உடைந்தது உடைந்ததுதான், எலுமிச்சையும் படிகாரமும் அதைத் திருப்பித் தராது.

நிற்கிற சாயங்களுக்கு வருவோம்.

முதலிடம் அவுரிக்கு. விழுப்புரம், திண்டிவனம் பக்கம் இன்றைக்கும் பயிராகிற செடி இது. அவுரி நீலம் தண்ணீரில் கரையாது. காரமும் நொதிப்பும் சேர்ந்த தொட்டியில்தான் அது கரையும் நிலைக்கு வரும். துணியை முக்கி எடுத்தால் வெளியே வரும்போது பச்சையும் மஞ்சளுமாக இருக்கும். காற்றுப்பட்டு உங்கள் கண்முன்னேயே நீலமாகும். அப்படி ஆன நீலம் நூலுக்குள்ளேயே மறுபடி கரையாத பொருளாக உறைந்துவிடுகிறது. அதனால் துவைத்தாலும் வெயில் பட்டாலும் பெரிய சேதம் இல்லை. இதற்குப் படிகாரமும் வேண்டாம், கடுக்காயும் வேண்டாம். அவுரியின் பலவீனம் ஒன்றே ஒன்று, உரசல். மேலே ஒட்டியிருக்கிற நீலப்பொடி புதுத் துணியில் கையிலும் பையிலும் ஏறும். திக்கான தொட்டியில் ஒரே முக்கில் கருநீலம் எடுத்திருந்தால் இது ரொம்பவே ஏறும். இளம் தொட்டியில் ஏழெட்டு முறை முக்கி, ஒவ்வொரு முறையும் காற்றாட விட்டு எடுத்த கருநீலத்தில் அவ்வளவு ஏறாது. விலை வித்தியாசத்துக்கு இந்த உழைப்பும் ஒரு காரணம். நீலம் கையில் ஒட்டியதும் சாயம் போகிறது என்று துணியைத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். இரண்டு மூன்று அலசலில் மேல்பொடி போய், அடியில் இருக்கிற நீலம் அப்படியே நிற்கும்.

அடுத்து சிவப்பு. இம்பூறல் என்கிற சாயவேர், மஞ்சிட்டி, நம் பக்கத்துக் காட்டிலும் கரையிலும் தானாக முளைக்கிற மஞ்சணத்தி வேர்ப்பட்டை, மூன்றுமே ஒரே குடும்பத்தைச் சேர்ந்த செடிகள். படிகாரத்தோடு சேர்ந்தால் நூலை விட்டுப் பிரிய மனமில்லாத சிவப்புகள் இவை. சோழமண்டலக் கரையில் சாயவேரில் எழுதி, தோய்த்து அனுப்பிய பூத்துணிகளைக் கண்டு ஐரோப்பிய நெசவாளர்கள் மிரண்டதற்கு, தோய்க்கத் தோய்க்க நிறம் போகாமல் இருந்ததும் ஒரு காரணம். பிரான்ஸ் 1686-லும் இங்கிலாந்து 1700-லும் 1721-லும் அந்தத் துணிகளுக்குத் தடையே போட்டன. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் அப்படிப்பட்ட துணிகள் இன்றைக்கும் இருக்கின்றன. அவற்றில் ஒரு விஷயத்தைப் பாருங்கள். பூ சிவப்பாகவே இருக்கிறது, ஆனால் இலைகள் பல இடங்களில் நீலமாக இருக்கின்றன. கைவினைஞர் நீல இலை எழுதவில்லை. அவுரி நீலத்தின் மேல் மஞ்சள் சாயம் பூசித்தான் அன்றைக்குப் பச்சை எடுத்தார்கள். காலப்போக்கில் மஞ்சள் கரைந்து போனது, நீலம் மட்டும் நின்றது. எந்தச் சாயம் நிற்கும், எது நிற்காது என்று முந்நூறு வருஷமாக நடந்துகொண்டிருக்கும் சோதனையின் முடிவு அந்த இலைகளில் இருக்கிறது. இன்றைக்கும் செடிச்சாயத்தில் பச்சை வாங்குகிறவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும்: அந்தப் பச்சையின் ஆயுசு அதிலுள்ள மஞ்சளின் ஆயுசுதான்.

மஞ்சணத்தி வேரைப் பற்றி ஒன்று சொல்லாமல் போக முடியாது. வேர்ப்பட்டைக்காக மரத்தையே சாய்த்துவிட்டு ‘சுற்றுச்சூழலுக்கு உகந்தது’ என்று சீட்டு ஒட்டுவது சரியில்லை. மரத்தைக் கொல்லாமல் கிடைப்பவை ஏராளம் இருக்கின்றன. கடுக்காய் இந்த மலைகளிலேயே கிடைக்கிறது. மாதுளைத்தோலைப் பழச்சாறுக் கடைகள் குப்பையில் கொட்டுகின்றன. குற்றாலம் சீசனில் மங்குஸ்தான் விற்கிற இடங்களில் தடித்த ஓடு கூடை கூடையாக மிஞ்சுகிறது. மூன்றிலும் துவர்ப்புச் சத்து நிறைய உண்டு. துவர்ப்பு உள்ளவை பருத்தியோடு நன்றாக ஒட்டும். கடுக்காயில் வெளிர் மஞ்சள், மாதுளைத்தோலில் கடுகு மஞ்சள், மங்குஸ்தான் ஓட்டில் பழுப்பு. பளிச்சென்று இருக்காதுதான், ஆனால் நம்பி வாங்கலாம்.

நடுத்தரத்தில் வருபவை பலாமரத் தூளும் கேந்திப்பூவும். பலாவைரத்தின் தூளில் காய்ச்சிய மஞ்சள்தான் இலங்கையிலும் தென்கிழக்காசியாவிலும் பௌத்த பிக்குகளின் ஆடைக்குப் பல காலம் நிறம் கொடுத்தது. மர அறுவை ஆலையில் கேட்டால் தூள் கிடைக்கும். கேந்திக்கு நம் பக்கம் பஞ்சமே இல்லை. மாலை கட்டி வாடிய பூவும் சாயத்துக்கு ஆகும். படிகாரத்தோடு சேர்ந்த கேந்தி மஞ்சள் சில வருஷம் தாங்கும், ஆனால் மெல்ல இளைக்கும். ‘மஞ்சள் நிறம் வேண்டும், மஞ்சள்கிழங்கு வேண்டாம்’ என்கிறவர்களுக்கு நான் பரிந்துரைப்பது பலாவும் மாதுளைத்தோலும் கலந்த சாயம்.

நிற்காதவை எவை? மஞ்சள்கிழங்கைச் சொல்லிவிட்டேன். சப்பங்கட்டை இன்னொன்று. கணவாய்க்கு அந்தப் பக்கம் சாப்பாட்டுக் கடையில் இளஞ்சிவப்பாகக் குடிக்கத் தருவார்களே பதிமுகத் தண்ணீர், அது இந்த மரத்தின் கட்டைதான். அந்தத் தம்ளரில் புளியங்குடி எலுமிச்சையைப் பிழிந்து பாருங்கள், சிவப்பு மஞ்சளாகிவிடும். சோப்பு பட்டால் கருஞ்சிவப்பாகும். தொட்டதுக்கெல்லாம் மாறுகிற அந்த நிறம் வெயிலிலும் சீக்கிரம் சோர்ந்துவிடும். பத்தமடைப் பாய் நெய்கிறவர்கள் ஒரு காலத்தில் கோரைக்குச் சப்பங்கட்டைச் சிவப்பு ஏற்றினார்கள். பாய்க்கு அது சரி, பாயை யாரும் வாராவாரம் சோப்புப் போட்டுத் துவைப்பதில்லை. தினம் உடுத்துகிற சட்டைக்குச் சரிவராது. பீட்ரூட், செம்பருத்தி, கத்தரித்தோல், சங்குப்பூ இவற்றில் வருகிற ரோஜா நிறமும் ஊதாவும் கைபேசிப் படத்தில் பார்க்கப் பிரமாதமாக இருக்கும். அவற்றைச் சாயம் என்று காசுக்கு விற்கவே கூடாது என்பது என் கருத்து. இரண்டு துவைப்புக்கு மேல் எதுவும் மிஞ்சாது.

பாலராமபுரத்தில் கைத்தறி நெசவாளர்கள் மூலிகைக் கஷாயத்தில் தோய்த்து ‘ஆயுர்வஸ்திரா’ என்று செய்கிறார்கள். அதை வாங்குகிறவர் மூலிகைக்காக வாங்குகிறார், நிறம் அவருக்கு இரண்டாம்பட்சம். அந்த அளவுகோலை மற்றத் துணிக்கு வைக்கக் கூடாது.

செடி நல்ல செடியாகவே இருக்கட்டும், அடிவேலை சரியில்லை என்றால் நிறம் நிற்காது. நிறம் நிற்குமா என்பதில் பெரும்பகுதி, துணி சாயத்தொட்டியைப் பார்ப்பதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. வீட்டிலோ குழுவாகவோ சாயம் போடுகிறவர்கள் இந்த இடத்தை நிதானமாகப் படியுங்கள். வாங்குகிறவர்களுக்கும் கேள்வி கேட்க உதவும்.

புதுப் பருத்தித் துணியில் கஞ்சியும் மெழுகும் இருக்கும். ஒரு கிலோ துணிக்கு 20 கிராம் சலவைச்சோடாவும் கொஞ்சம் சோப்பும் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்க வையுங்கள். தண்ணீர் தேநீர் நிறத்தில் இறங்கும். அந்தப் பழுப்பு இறங்காத துணியில் சாயம் மேலாகவே நின்றுவிட்டு முதல் துவைப்பில் இறங்கிவிடும். ஒரு சொட்டுத் தண்ணீரைத் துணியில் விட்டுப் பாருங்கள். உருண்டு நிற்காமல் உடனே உறிஞ்சினால் துணி தயார்.

பட்டும் கம்பளியும் படிகாரத்தை நேரடியாக ஏற்கும். பருத்தி அப்படி ஏற்காது, அதற்கு நடுவில் கடுக்காய் வேண்டும். ஒரு கிலோ துணிக்கு 150 முதல் 200 கிராம் கடுக்காய்த்தூள் எடுத்து இளஞ்சூட்டுத் தண்ணீரில் கரைத்து, துணியை ராத்திரி முழுக்க ஊறவிட்டு, காலையில் பிழிந்து, அலசாமல் உலர்த்துங்கள். அதன்பின் 150 கிராம் படிகாரத்தை வெந்நீரில் கரைத்து, அதில் 20 கிராம் சலவைச்சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். சோடா பட்டதும் நுரைத்துப் பொங்கும், அதனால் பெரிய பாத்திரம் வேண்டும். பொங்கல் அடங்கியதும் துணியைப் போட்டு மறுபடி ஒரு ராத்திரி விடுங்கள். சாயப்பட்டறையில் மார்டன்ட் என்றும் பாடப்புத்தகத்தில் நிறமூன்றி என்றும் சொல்வது இந்தப் படிகாரத்தைத்தான். ஒரு கையால் நூலையும் மறுகையால் சாயத்தையும் பிடித்துக்கொள்கிற பொருள் அது. இந்த இரண்டு ராத்திரியை மிச்சம் பிடிக்கிறவர்களின் துணிதான் ஆறு மாதத்தில் நரைக்கிறது.

உப்பும் வினிகரும் போட்டால் சாயம் நிற்கும் என்று பலர் நம்புகிறார்கள். கடையில் வாங்கும் சில ரசாயனச் சாயங்களுக்கு, நிறம் துணிக்குள் ஏற உப்பு உதவுவது உண்மை. செடிச்சாயத்தை உப்பு ஊன்றாது. வினிகர், கடுக்காயும் இரும்பும் போட்ட துணியைக் கெடுக்கவும் செய்யும்.

கருப்பு, சாம்பல், ஆலிவ் நிறங்கள் இரும்பிலிருந்து வருகின்றன. துருப்பிடித்த ஆணி, தகடு இவற்றைக் கருப்பட்டித் தண்ணீரில் போட்டு இரண்டு மூன்று வாரம் புளிக்கவிட்டு எடுக்கிற கரைசல், கலம்காரி எழுதுகிறவர்களின் கருப்பு மை. கருப்பட்டிக்கு நம் மாவட்டங்களில் குறைவில்லை. கடுக்காய் ஊறிய துணியை இந்தக் கரைசலில் காட்டியதும் நொடியில் கருக்கும். கேந்தி மஞ்சளை இதில் லேசாகக் காட்டினால் பாசிப்பச்சையாகி, வெயிலை முன்பைவிட நன்றாகத் தாங்கும். ஆனால் இரும்பு கூடினால் நூலையே தின்றுவிடும். பழைய பூத்துணிகளில் பூவும் இலையும் முழுசாக இருக்க, சுற்றியுள்ள கருப்புக் கோடு மட்டும் இற்று உதிர்ந்திருப்பதைக் காணலாம். இரும்பை அன்னபேதி உப்பாக வாங்கிப் போட்டால் கிலோவுக்கு 20 கிராமைத் தாண்ட வேண்டாம்.

மயில்துத்தத்தைப் போட்டால் வெயிலுக்கு நிறம் நிற்கும் என்று சொல்லிக்கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். நிற்கும், மறுக்கவில்லை. ஆனால் அது செம்பு. மிச்சத் தண்ணீரை வாய்க்காலில் விட்டால் மீனும் தவளையும் சாகும். புளியறையின் வயலுக்குப் பாய்கிற தண்ணீரில் செம்பைக் கலந்துவிட்டு, துணியில் ‘இயற்கை’ என்று எழுதுவதில் அர்த்தமே இல்லை. சாயக்கழிவால் நொய்யல் ஆறு என்ன ஆனது என்று நமக்குத் தெரியும். கழிவுநீர் விதிகளைக் கடைப்பிடிக்காத திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி 2011 ஜனவரியில் உயர்நீதிமன்றம் உத்தரவிடும் அளவுக்குப் போனது. சின்ன அளவில் செய்கிறோம் என்பது விலக்கு ஆகாது. குரோமும் வெள்ளீய உப்பும் அதே கணக்கில்தான் வரும். படிகாரமும் அளவான இரும்பும் போதும்.

தண்ணீர் பற்றிக் கொஞ்சம். மலையிலிருந்து நேராக வருகிற புளியறை ஓடைத் தண்ணீர் மென்மையானது. சோப்பு உடனே நுரைப்பதே அதற்கு அடையாளம். அவுரிக்கும் கடுக்காய்க்கும் இது கொடுப்பினை. ஆனால் சாயவேருக்கும் மஞ்சிட்டிக்கும் சுண்ணாம்புச் சத்து வேண்டும். மென்தண்ணீரில் அவை செங்கல் நிறத்தோடு நின்றுவிடும். வெள்ளைச் சுண்ணக்கட்டியைப் பொடித்து ஒரு சிட்டிகை போட்டால் சிவப்பு எழுந்து வரும். கிழக்கே கரிசல் பக்கம் கிணற்றுத் தண்ணீரில் வேலை செய்கிறவர்களுக்கு இது தேவைப்படாது. ஆனால் அங்கே தண்ணீரில் இரும்பு இருந்தால் எல்லா மஞ்சளும் மங்கிவிடும். ஒரு தம்ளர் தண்ணீரில் கொஞ்சம் கடுக்காய்த்தூளைப் போட்டுப் பாருங்கள். தண்ணீர் கருத்தால் அதில் இரும்பு இருக்கிறது.

வாங்கும்போது என்ன செய்யலாம்? ஒரு வெள்ளைக் கைக்குட்டையைக் கையோடு கொண்டு போங்கள். உலர்ந்த கைக்குட்டையால் துணியைப் பத்து முறை தேயுங்கள், பிறகு நனைத்துப் பிழிந்த முனையால் தேயுங்கள். நீலம் லேசாக ஏறினால் மன்னிக்கலாம். சிவப்போ மஞ்சளோ ஏறினால் சரியாக அலசவில்லை, அல்லது ஊன்றவே இல்லை. வெயில் சோதனைக்குப் பொறுமை வேண்டும். துண்டுத்துணி கேட்டு வாங்கி, பாதியை அட்டையால் மூடித் தெற்கு பார்த்த ஜன்னலில் இரண்டு வாரம் ஒட்டிவையுங்கள். அட்டையை எடுத்ததும் கோடு தெரிந்தால், அந்தத் துணி திரைச்சீலைக்கு ஆகாது. கோடு பளிச்சென்று தெரிந்தால் சட்டைக்கும் ஆகாது.

வியாபாரமாகச் செய்கிறவர்கள் இதோடு நிறுத்தக் கூடாது. கோவையில் உள்ள தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கமான சிட்ரா போன்ற இடங்களில் சோதனைக்குக் கொடுக்கலாம். துவைப்புக்கும் உரசலுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண் போடுவார்கள், வெளிச்சத்துக்கு 1 முதல் 8 வரை. இந்த இரண்டு அளவுகோலையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். துவைப்பில் 4 என்றால் நல்ல சாயம். வெளிச்சத்தில் 4 என்றால் சுமார்தான். வெளிச்ச அளவுகோலில் ஒரு படி ஏறினால், மங்குவதற்கு ஏறத்தாழ இரு மடங்கு வெளிச்சம் தேவைப்படும். ஆக, 3-க்கும் 5-க்கும் உள்ள தூரம் நினைப்பதைவிட அதிகம்.

இனி வீட்டில் துவைப்பது. புதுத் துணியை வாங்கிய வாரமே நனைக்க வேண்டாம். சாயம் போட்ட தேதியைக் கேட்டு, இரண்டு வாரம் ஆனபிறகு துவையுங்கள். முதல் மூன்று முறை தனியாக, குளிர்ந்த தண்ணீரில். ஊறவைத்துவிட்டு வேலைக்குப் போகிற பழக்கம் இதற்கு ஆகாது. பத்து நிமிஷத்துக்கு மேல் தண்ணீரில் கிடக்கக் கூடாது.

சலவைத்தூள் பெரும்பாலும் காரம் மிகுந்தது. உங்கள் சோப்பு எப்படி என்று தெரிய ஒரு வழி உண்டு. வெள்ளைத் தாளில் மஞ்சள் தண்ணீரைத் தடவி உலரவிட்டு, சோப்புக் கரைசலில் ஒரு சொட்டு அதன்மேல் விடுங்கள். சிவந்தால் அந்தச் சோப்பு செடிச்சாயத் துணிக்கு வேண்டாம். பட்டுக்கும் கம்பளிக்கும் விற்கிற காரமில்லாத திரவ சோப்பில் தாள் மஞ்சளாகவே இருக்கும். அதைவிட நல்லது பூந்திக்கொட்டை. நாலைந்து கொட்டையை விதை நீக்கி, ராத்திரி ஊறவைத்துக் கசக்கி வடிகட்டினால் இரண்டு சேலைக்கு வரும். ‘பளிச் வெண்மை’ என்று விளம்பரம் செய்கிற தூளில் வெளுப்புப் பொருள் சேர்ந்திருக்கலாம், அந்தப் பக்கமே போகாதீர்கள்.

உலர்த்துவதில்தான் புளியறைக்காரர்களுக்குச் சிக்கல். செடிச்சாயத் துணியை நிழலில் உலர்த்து என்று எல்லோரும் சொல்லிவிடுகிறார்கள். சாரல் மாதத்தில் நிழலில் போட்டது காயாமல் பூசணம் பிடித்தால், அந்தக் கரும்புள்ளி வெயில் செய்கிற சேதத்தைவிட மோசம். கடுக்காய் போட்ட துணியில் ஏறிய பூசணத்தை வெளுப்புப் பொருள் இல்லாமல் எடுக்க முடியாது, வெளுப்புப் போட்டால் நிறமும் சேர்ந்து போய்விடும். அதனால் அந்த மூன்று மாதமும் துணியை முறுக்காமல், ஒரு காய்ந்த துவாலையில் சுருட்டி ஈரத்தை ஒற்றி எடுத்துவிட்டு, மின்விசிறிக்குக் கீழே உட்புறம் வெளியே தெரியும்படி விரித்துப் போடுங்கள். மேகம் விலகி அரைமணி வெயில் வந்தால் அதில் காட்டத் தயங்காதீர்கள். நிறத்தை அழிப்பது அரைமணி வெயில் இல்லை. காலையில் கொடியில் போட்டுவிட்டுச் சாயங்காலம் எடுப்பதுதான் அழிக்கிறது. மார்ச், ஏப்ரலில் அந்தத் தவறைச் செய்யாதீர்கள். கண்ணாடி ஜன்னலுக்கு உள்ளே இருந்தால் பாதுகாப்பு என்றும் நினைக்க வேண்டாம், நிறத்தைக் கெடுக்கிற வெளிச்சத்தில் பெரும்பகுதி கண்ணாடியைத் தாண்டி வரும்.

இரும்புக் கருப்பும் சாம்பலும் உள்ள சேலையைக் கட்டிக்கொண்டு பந்தியில் பரிமாறும்போது கவனம். ரசமோ புளிக்குழம்போ எலுமிச்சையோ பட்டால் அந்த இடம் வெளுத்துப் பொட்டு விழும். அது கறை இல்லை, புளிப்பு இரும்பைக் கரைத்து எடுத்துக்கொண்டது. உடனே நிறையத் தண்ணீர் விட்டு அலசுங்கள், சோப்புப் போட்டுத் தேய்க்காதீர்கள். அக்குளில் போடுகிற வாசனைத் திரவியங்கள் பலவற்றில் அலுமினிய உப்பு இருக்கும். அதுவும் படிகாரத்தின் சொந்தம்தான் என்பதால் அந்த இடத்தில் நிறம் மாறும்; காய்ந்தபிறகு உடுத்துங்கள். பீரோவில் ஒரே மடிப்பில் வைத்தால் மடிப்பு விளிம்பில் வெளிர்க்கோடு விழும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள்.

1958-ல் நடந்ததாக ஜவுளி வியாபாரத்தில் இன்றும் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. செடிச்சாயம் போட்ட மெட்ராஸ் கட்டத்துணி அமெரிக்காவுக்குப் போனது. குளிர்ந்த தண்ணீரில் மென்மையாகத் துவைக்க வேண்டும் என்று விற்றவர் சொல்லியனுப்பியதை, வாங்கிய இறக்குமதியாளர் கடைக்குச் சொல்லவில்லை. அங்கே இயந்திரத்தில் துவைத்ததும் நிறங்கள் ஒன்றோடொன்று கலந்தன, புகார் குவிந்தது. பிறகு ‘சாயம் இறங்கும், உத்தரவாதம்’ என்கிற தோரணையில் விளம்பரம் செய்து அதையே பெருமையாக்கி விற்றுவிட்டார்கள். வியாபாரமாக அது வெற்றி. எனக்கு அதில் உடன்பாடில்லை. முதலிலேயே ஒரு துண்டுச்சீட்டு எழுதித் துணியோடு அனுப்பியிருந்தால் எந்த விளம்பரமும் தேவைப்பட்டிருக்காது. அந்தச் சீட்டை இன்றைக்கு நம் ஊர்க் குழுக்களும் கடைகளும் எழுதலாம்: செடியின் பெயர், படிகாரமா இரும்பா, சாயம் போட்ட மாதம், எதில் துவைப்பது, எத்தனை காலத்தில் இளைக்கும். கடைசி வரியை எழுதத் தயங்குவார்கள். எழுதினால்தான் அதே வாடிக்கையாளர் இரண்டாவது சேலைக்கும் வருவார்.

எல்லாத் துணிக்கும் செடிச்சாயம்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கவும் வேண்டாம். வாரத்துக்கு ஆறு நாள் போட்டு ஆறு நாளும் துவைக்கிற பள்ளிச் சீருடைக்கு, கழிவுநீரை முறையாகச் சுத்திகரிக்கிற ஆலையில் போட்ட ரியாக்டிவ் சாயமே பொருத்தம். அது நூலோடு வேதிப்பிணைப்பாகவே சேர்ந்துவிடுவதால் துவைப்பைத் தாங்கும், துணியும் நாலு வருஷம் உழைக்கும். வெளுத்துப் போய் வருஷம் இரண்டு முறை புதுசு வாங்கினால் அதில் யாருக்கும் லாபமில்லை, பூமிக்கும் இல்லை. சேலை, துண்டு, மேல்துணி, குழந்தைக்குத் தொட்டில் துணி, கோயில் வஸ்திரம் இவற்றுக்குச் செடிச்சாயம் எடுங்கள்.

வெளுத்த துணியை என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு: தூக்கிப் போடாதீர்கள். பழைய துணியில் கஞ்சியும் மெழுகும் போயிருக்கும், கடுக்காயும் படிகாரமும் கொஞ்சம் மிச்சமிருக்கும். மறுசாயம் புதுத்துணியைவிட அதில் சுலபமாக ஏறும். இளைத்த மஞ்சளை அவுரித் தொட்டியில் ஒரு முக்கு எடுத்தால் பச்சை. இளைத்த நீலத்தை இன்னும் இரண்டு முக்கு போட்டால் பழையபடி ஆகிவிடும். தொட்டி இல்லாதவர்கள் வீட்டிலேயே செய்யக்கூடியது இது: துணியை நன்றாக நனைத்துக்கொண்டு, ஒரு வாளித் தண்ணீரில் இரண்டு கரண்டி இரும்புக் கரைசல் கலந்து, துணி முழுவதும் ஒரே நேரத்தில் மூழ்கும்படி போட்டு, கையுறை மாட்டிக்கொண்டு விடாமல் புரட்டுங்கள். இரண்டே நிமிஷம். நீங்கள் நினைக்கிற நிறத்துக்கு ஒரு படி முன்னாலேயே எடுத்துவிடுங்கள், காற்றுப்பட்டபின் இன்னும் கொஞ்சம் கருக்கும். மூன்று தண்ணீரில் அலசி, மின்விசிறிக்குக் கீழே போடுங்கள்.